நான்காம் தரப் பிள்ளையும் வீட்டின் மாலைப்பொழுதும்: வலிகாமத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் கல்வி வலயத்துக்கு உட்பட்ட பாடசாலை ஒன்றில் நான்காம் தரத்தில் படித்த ஒரு பையனைப் பற்றியது இந்த ஆய்வு. இரண்டாம் தவணையின் நடுப்பகுதியில் வகுப்பாசிரியை அதிபரிடம் ஒரு குறிப்புக் கொடுத்தார். பிள்ளை பெரும்பாலான நாட்களில் வீட்டுப் பயிற்சியை முடிக்காமல் வருகிறான் என்றும், முடித்து வரும் நாட்களில் அதிலே வேறொருவரின் கையெழுத்துத் தெரிகிறது என்றும், தாயாருக்குப் பல தடவை அறிவித்தும் மாற்றம் எதுவும் இல்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. தாயார் தம் பங்குக்கு ஒரு முறைப்பாட்டுடன் வந்திருந்தார். பாடசாலை நாட்களில் விடிந்ததும் பிள்ளை வயிற்றைப் பொத்திக்கொண்டு அழுகிறான், ஆஸ்பத்திரியில் காட்டினால் வருத்தம் எதுவும் இல்லை என்கிறார்கள், சனி ஞாயிறில் அந்த வயிற்றுவலி வருவதில்லை என்பதே அவர் சொன்னது.

இரண்டு முறைப்பாடும் ஒரே விடயத்தைப் பற்றியவையாக இருக்கலாம் என்று அதிபர் எண்ணினார். ஆரம்பக்கல்வி ஆசிரிய ஆலோசகர் என்ற முறையில் என்னை அழைத்து, பிள்ளையின் கொப்பிகளையும் வீட்டு நிலைமையையும் பார்க்கச் சொன்னார். குடும்பத்தாரும் ஆசிரியையும் சம்மதித்த பின்பே இதை எழுதுகிறேன். ஊர், பாடசாலை, பெயர் எதுவும் இங்கே குறிப்பிடப்படவில்லை. ஆளை இனங்காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

இந்தப் பிள்ளை விதிவிலக்கானவன் என்பதற்காக நான் இதை எழுத முன்வரவில்லை. இவனைப் போன்ற பிள்ளைகள் வலிகாமத்திலும் தீவகத்திலும் வடமராட்சியிலும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளோ பெரும்பாலும் ‘பெற்றோர் கவனம் போதாது’ என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடுகின்றன. அந்த மூன்று சொற்கள் இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்பதே நான் முதலில் பார்க்க விரும்பியது.

வீடு

குடும்பத்தில் ஐந்து பேர். தந்தை மேசன், கிளிநொச்சிப் பக்கம் வேலை எடுத்து, சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து திங்கள் விடிய முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். தாய் வீட்டில் இடியப்பம் அவித்துச் சந்தியிலுள்ள இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பின்னேரம் நாலரை மணிக்கு மா குழைக்கத் தொடங்கினால் கடைசித் தட்டு அடுப்பால் இறங்க இரவு எட்டு மணியாகும். அந்த மூன்றரை மணி நேரமும் அவருடைய இரண்டு கைகளும் இடியப்ப உரலில் இருக்கும். பையனுக்கு மூத்தவள் ஒன்பதாம் தரத்தில் வேறொரு பாடசாலையில் படிக்கிறாள். அம்மம்மாவும் அவர்களுடனேயே இருக்கிறார்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டறை வீடு அது. மின்சாரம் உண்டு, ஒரு மேசையும் உண்டு. அந்த மேசை மூத்தவளுடையது; பையன் விறாந்தையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தபடி எழுதுவான். வீட்டிலுள்ள ஒரே தொலைபேசி தாயினுடையது. கடைக்காரர்கள் அழைப்பதும், தந்தை அழைப்பதும், வகுப்பின் வட்ஸ்அப் குழுவுக்குச் செய்திகள் வந்து விழுவதும் எல்லாம் அதற்குத்தான்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் யுத்தத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது தாய்க்கு ஒன்பது வயது. அவரும் அப்போது நான்காம் ஆண்டில்தான் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது அவருடைய படிப்பில் விழுந்த இடைவெளி பிறகு அடைபடவே இல்லை. எட்டாம் ஆண்டோடு பாடசாலையை விட்டார். இதை அவர் தயக்கமின்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, “எனக்கு விளங்காததைத்தான் ரீச்சர் என்னைச் சொல்லிக் குடுக்கச் சொல்லுறா” என்றார். அதைக் குறையாகவோ கோபமாகவோ அவர் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னார்.

அம்மம்மாவின் பார்வை வேறு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்துக் கொளுத்திய விளக்கில் இந்தக் குடாநாட்டுப் பிள்ளைகள் படித்துப் பல்கலைக்கழகம் போனதை அவர் கண்ணால் கண்டவர். அது உண்மை, யாழ்ப்பாணத்தார் பெருமைப்பட வேண்டிய உண்மை. ஆனால் அந்த விளக்கில் படித்தவர்களில் எத்தனை பேர் இடையில் நின்றார்கள் என்பதை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த வீட்டில் அவருடைய மகளே அவர்களில் ஒருவர். ஆயினும் கறன்ற் வெளிச்சத்தில் இருந்து எழுதும் பேரன் களைத்துப்போகிறான் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. விடிய ஐந்து மணிக்கு அவனை எழுப்பி முகம் கழுவவைத்துக் கொப்பியின் முன் இருத்துவது அவர் தான். விடியப்புறம் படித்தது மனதில் நிற்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை

பிள்ளையின் பின்னேரம் எப்படிக் கழிகிறது என்பதை ஒரு வாரத்துக்கு எழுதிவைக்கும்படி தாயையும் மூத்தவளையும் கேட்டிருந்தேன். மூத்தவள் அதை ஒழுங்காக எழுதியிருந்தாள். அவள் எழுதியவற்றுள் செவ்வாய்க்கிழமையை மட்டும் இங்கே தருகிறேன். மற்ற நாட்களும் ஏறத்தாழ அதே மாதிரித்தான்.

பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டதும் பையன் இரண்டரை மணிக்குத் தனியார் கல்வி நிலையத்துக்குப் போகிறான். புலமைப்பரிசில் பரீட்சை ஐந்தாம் தரத்தில்தான் என்றாலும் அதற்கான வகுப்பை நான்காம் தரத்திலேயே தொடங்கிவிட்டார்கள். நாலரைக்கு முடிந்து வீடு வந்து, தேத்தண்ணி குடித்து, ஒழுங்கையில் பந்தடித்துவிட்டு, ஆறு மணிக்குச் சாமியறையில் அம்மம்மாவுடன் தேவாரம் பாடுகிறான். ஆறேகாலுக்குக் கொப்பியைத் திறக்கிறான்.

அன்றைய வேலைகள் இவை. கணிதத்தில் இருபது கழித்தல் கணக்குகள். தமிழில் பாடத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தெழுத வேண்டும். ஆங்கிலத்தில் பத்துச் சொற்கள், ஒவ்வொன்றும் ஐந்து தடவை. ரியூசனில் கொடுத்த மாதிரி வினாத்தாள் ஒன்று, அடுத்த வகுப்புக்கு முன் செய்து முடிக்க வேண்டியது. இவை போதாதென்று, இரவு ஏழு மணி கடந்த பின் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நாளைக்குச் சுற்றாடல் பாடத்துக்கு ஐந்து வகை வாகனங்களின் படங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வசனம் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

செய்தி வந்த நேரத்தில் தாயின் கை மாவாக இருந்தது. மூத்தவள்தான் வாசித்தாள். வீட்டில் படம் ஒட்டக்கூடிய பத்திரிகையோ பழைய சஞ்சிகையோ இல்லை. சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் நிறப்படம் அச்செடுக்கலாம். ஆனால் இரவு ஏழரைக்கு அந்தச் சயிக்கிள் பயணத்தை யார் செய்வது, அதற்குப் பணத்தை எதிலிருந்து எடுப்பது என்ற இரண்டு கேள்விகள் எழுந்தன. அன்றைய இடியப்பக் காசிலிருந்து எடுத்தார்கள். மூத்தவள் போய்வந்தாள், அவளே வெட்டி ஒட்டினாள், அவளே வசனங்களையும் எழுதினாள். அதற்குள் பையன் வினாத்தாளின் மேலேயே தலையை வைத்து உறங்கிப்போனான். ஒன்பதரைக்கு எழுப்பிச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்து, விடிய ஐந்துக்குத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். ஆங்கிலச் சொற்கள் எழுதப்படவே இல்லை. மறுநாள் கொப்பியில் சிவப்பு மையில் வந்த குறிப்பு: ‘வீட்டு வேலை செய்யவில்லை. பெற்றோர் கவனிக்கவும்.’

அந்தச் செவ்வாயில் தாய், மகள், அம்மம்மா என்று மூன்று பேர் இந்தப் பிள்ளையின் பயிற்சிக்காக உழைத்திருக்கிறார்கள், செலவும் செய்திருக்கிறார்கள். ‘கவனம் போதாது’ என்ற முடிவுக்கு அங்கே இடமே இல்லை.

இருபது கணக்குகள்

இந்த ஆய்வில் எனக்கு மிகுந்த கவலை தந்தது அந்த இருபது கணக்குகள்தான். பையன் அவற்றை முழுமையாகச் செய்திருந்தான். அன்று அவன் தன் கையால் முடித்த ஒரே வேலை அதுதான். கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.

432இலிருந்து 157ஐக் கழிக்க வேண்டும். அவன் எழுதிய விடை 325. சரியான விடை 275. ஒன்றினிடத்தில் 2இலிருந்து 7 போகாது; ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதிவிட்டான். பத்தினிடத்தில் 3இலிருந்து 5 போகாது. அங்கேயும் 5இலிருந்து 3ஐக் கழித்து 2. நூறினிடத்தில் 4இலிருந்து 1 போக 3. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறான். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள் எல்லாம் சரி, கடன் வாங்க வேண்டியவை எல்லாம் பிழை. கவனக்குறைவால் வந்த பிழை இப்படி ஒரே சீராக வராது. இவனிடம் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி தவறானது. அதை அவன் மிகுந்த கவனத்தோடு பின்பற்றுகிறான். ஆரம்ப வகுப்புகளில் கணிதம் கற்பித்த எவருக்கும் இது பழக்கமான பிழைதான்.

அந்தத் தவறான விதியை அவன் அன்று இரவு மீண்டும் மீண்டும் பயின்றிருக்கிறான். கொப்பியில் பக்கத்தின் அடியில் ஒரு கையொப்பமும் திகதியும் மட்டும் இருந்தன. பின்னோக்கிப் புரட்டியபோது இரண்டு வாரத்துக்கு முந்திய பயிற்சியிலும் அதே பிழை, அதே கையொப்பம். இடையில் ரியூசன் ஆசிரியர் ஒரு தாளில் வேறு முறையால் கழித்துக் காட்டியிருந்தார்; அம்மம்மாவோ விரல்மடித்து எண்ணும் தம் முறையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மூன்று முறைகளுக்கு நடுவே பிள்ளை தனக்குச் சுலபமாக இருந்த நாலாவது முறையைக் கண்டுபிடித்துக்கொண்டான்.

வகுப்பாசிரியையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நியாயமும் இல்லை. நாற்பதுக்குக் கிட்டிய பிள்ளைகளின் கொப்பிகள், ஒவ்வொரு கொப்பியிலும் இருபது கணக்குகள் என்றால், அவற்றை வரிவரியாகப் பார்த்து முடிக்க எந்த ஆசிரியரிடமும் நேரம் இல்லை. அப்படியானால் கேள்வி இதுதான்: ஆசிரியரால் பார்க்க முடியாத அளவு வேலையைப் பிள்ளையிடம் ஏன் கேட்க வேண்டும்? பார்த்துத் திருத்தப்படாத பயிற்சி பிழையை உறுதிப்படுத்தும். ஐந்து கணக்கு கொடுத்து, ஐந்தையும் பார்த்திருந்தால், இந்தப் பிழை முதலாவது நாளிலேயே வெளிப்பட்டிருக்கும்.

யார் எதை எதிர்பார்த்தார்கள்

ஆசிரியையுடன் ஆறுதலாக இருந்து பேசியபோது அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. விடுமுறைகள், விழாக்கள், கூட்டங்கள் போக மிஞ்சும் நாட்களில் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். முடியாததை வீட்டுக்கு அனுப்புகிறார். பயிற்சியைக் குறைத்துக் கொடுத்த ஆண்டில் சில பெற்றோர், “ரீச்சர் பிள்ளையளுக்கு ஒண்டும் குடுக்கிறேல்லை” என்று அதிபரிடம் போயிருக்கிறார்கள். பக்கத்து வகுப்பில் கொப்பி நிறைந்திருந்தால் தன் வகுப்பில் நிறையாதது குறையாகத் தெரிகிறது. வட்ஸ்அப் குழு 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கப்பட்டது. அப்போது அது பிள்ளைகளோடு தொடர்புகொள்ள இருந்த ஒரே வழி. பாடசாலைகள் திறந்த பிறகும் அந்தக் குழு அப்படியே தொடர்ந்தது. அதோடு, இரவிலும் வீட்டுக்கு வேலை அனுப்பலாம் என்ற பழக்கமும் தொடர்ந்தது. இதை யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை. படிப்படியாக வழக்கமாகிவிட்டது.

தந்தையின் எதிர்பார்ப்பு ஒரே சொல்லில் அடங்குவது: ஸ்கொலர்ஷிப். இரண்டு வினாத்தாள்களுக்குமாக 200 புள்ளிகள் கொண்ட அந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தால் நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கும், வருமானம் குறைந்த குடும்பமென்றால் உதவிப்பணமும் கிடைக்கும். மேசன் வேலை செய்யும் ஒருவர் தன் மகனுக்கு இந்த வழியைத் தேடுவதில் பிழை காண எவருக்கும் உரிமையில்லை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் நோக்கமே இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் மேலே வர வேண்டும் என்பதுதான். ஆனால் திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு உதவவென்று வைத்த பரீட்சைக்கு ஏழைப் பெற்றோர் மாதாமாதம் ரியூசன் காசு கட்டி ஆயத்தப்படுத்த வேண்டியிருப்பது எவ்வளவு வேதனையான நிலை என்பதை நாங்கள் ஒருமுறையாவது நின்று யோசிக்க வேண்டும்.

ரியூசன் ஆசிரியர் பட்டம் முடித்து அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் இளைஞர். பெற்றோர் தன்னிடம் கேட்பது வினாத்தாள் எண்ணிக்கையையே என்றார்; குறைத்தால் பிள்ளைகள் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆக, பாடசாலை தன் பங்குக்கு ஒரு அளவு கொடுத்தது. ரியூசன் அதன் மேல் ஒரு அளவு வைத்தது. அம்மம்மா விடியப்புறத்தில் இன்னொன்று சேர்த்தார். தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் தாம் கொடுத்தது கொஞ்சம்தான் என்பார்கள், அதுவும் உண்மை. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பத்து வயதுகூட ஆகாத பிள்ளையின் முதுகில்தான் அது கூட்டுத்தொகையாக இறங்கியது.

பிற இடங்களில் கண்டவை

வீட்டுப் பயிற்சியால் பயன் உண்டா என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரிஸ் கூப்பர் 1989இலும், பின்னர் சக ஆய்வாளர்களுடன் 2006இலும், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார். வீட்டுப் பயிற்சிக்கும் பெறுபேற்றுக்கும் இடையிலான தொடர்பு இடைநிலை வகுப்புகளில் தெளிவாகத் தெரிகிறது, ஆரம்ப வகுப்புகளில் மிகவும் பலவீனமாக இருக்கிறது என்பது அவர் கண்ட முக்கியமான முடிவு. ஒவ்வொரு தரத்துக்கும் பத்து நிமிடம் என்ற கணக்கு, அதாவது நான்காம் தரத்துக்கு எல்லாப் பாடமும் சேர்த்து நாற்பது நிமிடம் என்பது, அங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் பரவலாக ஏற்றுக்கொண்ட ஓர் அளவு. அது ஆய்வுகூடத்தில் அளந்து கண்ட எண் இல்லை. அனுபவத்தில் எழுந்த வழிகாட்டல். என்றாலும் ஓர் அளவு இருப்பதே பெரிய உதவி.

தமிழ்நாட்டில் 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சீனா 2021 யூலையில் முதலிரு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தி, மூன்று முதல் ஆறு வரையான வகுப்புகளுக்கு அறுபது நிமிடத்தை உச்சமாக வைத்தது; தனியார் வகுப்புகளையும் அதே ஆணையால் கட்டுப்படுத்தியது. பாடசாலையைக் குறைத்துவிட்டு ரியூசனை அப்படியே விட்டால் பிள்ளையின் சுமை குறையாது என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பையனின் செவ்வாய்க்கிழமையைப் பார்த்த பிறகு எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நித்திரை பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் உறங்க வேண்டும் என்பது அமெரிக்க நித்திரை மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. இந்தப் பிள்ளை பாடசாலை நாட்களில் ஏழு மணி நேரமளவே உறங்கிக்கொண்டிருந்தான். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது. ஒழுங்கையில் பந்தடிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் பெரியவர்கள் தயவில் விட்டுக்கொடுக்கும் சலுகை இல்லை.

எடுத்த நடவடிக்கை

அதிபரின் அறையில் ஒரு திங்கட்கிழமை எல்லோரும் கூடினோம். தந்தை அன்றைய வேலையை விட்டு நின்றிருந்தார். மூத்தவள் எழுதிய ஒரு வாரக் குறிப்பை நான் சத்தமாக வாசித்தேன், வேறெதுவும் சொல்லவில்லை. வாகனப் படங்களுக்கு இடியப்பக் காசை எடுத்த இடம் வந்தபோது ஆசிரியை, “அம்மா, இதை நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றார். “ரீச்சரிட்டை எப்பிடிச் சொல்லுறது” என்றார் தாய். அந்த ஒரு பதிலில் இந்த ஊரின் பழக்கம் முழுவதும் இருக்கிறது. ஆசிரியர் சொன்னால் செய்ய வேண்டும். முடியவில்லை என்றால் அது வீட்டின் குறை. அதை வெளியே சொல்வது வெட்கம்.

முதலாவதாக ஒத்துக்கொண்டது, வீட்டுக்கு அனுப்பும் எந்த வேலையும் பிள்ளை பெரியவர் உதவியின்றித் தானாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. வகுப்பில் விளங்கிவிட்ட ஒன்றைப் பழகுவதற்கே வீடு. விளங்காததை விளங்கவைப்பது வகுப்பின் பொறுப்பு. இந்த ஒரு விதியை ஏற்றதும் மற்றவை தாமாக வந்தன. கணக்கு ஐந்துக்கு மேல் போகாது, ஐந்தும் திருத்தப்படும். எல்லாப் பாடமும் சேர்த்து நாற்பது நிமிடம். அந்த நேரம் முடிந்ததும் பையன் எங்கே நிற்கிறானோ அங்கே ஒரு கோடு போட்டுத் தாயோ அம்மம்மாவோ கையொப்பம் வைத்தால் போதும், மிச்சத்துக்கு ஆசிரியை ஏச மாட்டார். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது பிள்ளைக்கு எது கடினம் என்பதை ஆசிரியைக்குக் காட்டும்; வேறொருவர் முடித்துக்கொடுத்த பக்கம் அதை மறைத்துவிடும். பாடசாலை விட்ட பிறகு வட்ஸ்அப்பில் வேலை அனுப்புவதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய எதையும் கேட்பதில்லை. சுற்றாடல் பாடத்துக்கு வளவில் கிடைக்கும் இலையும் புளியங்கொட்டையும் போதும், வாகனம் வேண்டுமென்றால் பிள்ளையே கீறட்டும்.

அம்மம்மாவுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய அக்கறையைத் தள்ளிவைத்தால் வீட்டில் எதுவும் நிலைக்காது. தேவாரம் முடிந்ததும் பேரன் பத்து நிமிடம் தமிழ்ப் புத்தகத்தை அவருக்கு உரத்து வாசித்துக் காட்ட வேண்டும், அவர் கேட்டுவிட்டுக் கதையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். பதிலுக்கு விடியப்புற எழுப்புதலை நிறுத்த அவர் ஒத்துக்கொண்டார். முழு மனத்தோடு ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

கழித்தலை ஆசிரியை வகுப்பிலேயே திரும்பவும் தொடங்கினார். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக இறப்பர் வளையத்தால் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாக்கி, ஒன்றினிடத்தில் போதாதபோது ஒரு கட்டை அவிழ்த்துக் கொடுப்பதைப் பிள்ளைகளின் கையாலேயே செய்யவைத்தார். கட்டை அவிழ்த்தபோதுதான் இந்தப் பையனுக்கு விடயம் பிடிபட்டது. வகுப்பில் வேறு சிலரும் அதே தவறான விதியில் இருந்ததை அன்று ஆசிரியை கண்டார்.

ரியூசன் பற்றித்தான் கடுமையான விவாதம் நடந்தது. தந்தை நிறுத்த மறுத்தார். கடைசியில் கிழமை நாட்களில் இரண்டு நாளாகக் குறைப்பதென்றும், அந்த நாட்களில் ரியூசனிலிருந்து வீட்டுக்கு வேலை கொண்டுவருவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். இதை அந்த இளைஞரிடம் தந்தையே நேரில் போய்ச் சொன்னார். தான் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் உடனே சம்மதித்ததாகப் பிறகு எனக்குச் சொன்னார்.

பின்னர்

மூன்றாம் தவணையில் பையன் கொடுத்த பயிற்சியைப் பெரும்பாலும் தானே செய்து வந்தான். கையெழுத்து அவனுடையதாகவே இருந்தது. கழித்தலில் பிழைகள் இப்போதும் உண்டு. ஆனால் அவை சிதறிய பிழைகள், ஒரே விதியால் வருபவை இல்லை. காலை வயிற்றுவலி குறைந்து, பின்னர் எப்போதாவது மட்டும் வந்தது. இதை முழுவதும் பயிற்சிக் குறைப்பால் வந்த பலன் என்று நான் சொல்ல மாட்டேன்: அதே காலத்தில் தந்தைக்கு யாழ்ப்பாணத்தில் சில மாதம் வேலை கிடைத்து அவர் இரவில் வீட்டில் இருந்தார், நித்திரையும் கூடியிருந்தது. இவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

எல்லாம் நிலைத்துவிடவில்லை. வட்ஸ்அப் செய்திகள் தவணைப் பரீட்சை நெருங்கியதும் திரும்பத் தொடங்கின. அதிபர் தலையிட வேண்டியிருந்தது. வேறு சில பெற்றோர், முக்கியமாகத் தாங்கள் இருந்து சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள், ஐந்து கணக்குப் போதாது என்று வகுப்புக் கூட்டத்தில் ஆட்சேபித்தார்கள். அவர்களுடைய வீட்டில் இருபது கணக்கும் செய்யப்பட்டு, பெற்றோர் பார்த்துத் திருத்தி, சரியாகப் போயிருக்கும். அதே இருபது கணக்கு ஒரு வீட்டில் பயிற்சியாகவும் இன்னொரு வீட்டில் தண்டனையாகவும் ஆகும்போது, பாடசாலை அளவு வைக்க வேண்டியது இரண்டாவது வீட்டைப் பார்த்துத்தான். கூடச் செய்ய விரும்புகிற வீட்டை யாரும் தடுக்கவில்லை. அதிபர் இதில் உறுதியாக நின்றார். இந்த ஆண்டு அந்தப் பாடசாலையில் முதலாம், இரண்டாம் தரங்களுக்கு எழுத்துப் பயிற்சி வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. மூன்றாம் தரத்திலிருந்து வாரத்துக்கான பயிற்சிகள் திங்கட்கிழமையே ஒரு தாளில் கொடுக்கப்படுகின்றன, இரவு வேலையுள்ள வீடுகள் முன்கூட்டியே நேரம் ஒதுக்கிக்கொள்வதற்காக.

பையன் இப்போது ஐந்தாம் தரத்தில். ரியூசன் மறுபடி கிழமையில் நான்கு நாளாகிவிட்டது. பரீட்சை முடியும் வரை இதில் என்னால் செய்யக்கூடியது அதிகமில்லை. நித்திரை நேரத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று தந்தையிடம் கேட்டிருக்கிறேன்.

தீர்க்கப்படாமல் இருப்பது மூத்தவளின் காரியம். எல்லோரும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவள் தன் பாடங்களுக்கு இரவு எட்டரைக்குப் பிறகுதான் இருந்திருக்கிறாள் என்பது அவள் எழுதிய குறிப்பிலேயே இருந்தது. தம்பியின் ஒட்டல் வேலை, தாயின் தட்டுகள், கடைக்காரர் வந்தால் எண்ணிக் கொடுப்பது எல்லாம் அவள் பங்கு. ஒன்பதாம் தரக் கணிதத்தில் அவளுடைய தவணைப் புள்ளி தொடர்ந்து இறங்கியிருக்கிறது, க.பொ.த. சாதாரண தரத்துக்கு அவளுக்கு அதிக காலம் இல்லை. அவள் படிப்பது வேறு பாடசாலை என்பதால் அங்கே இந்த வீட்டைப் பற்றி எவருக்கும் தெரியாது. தாயின் சம்மதத்துடன் அவளுடைய வகுப்பாசிரியருக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். மாலையில் ஆறு முதல் ஏழரை வரை மேசையும் விளக்கும் அவளுக்கு மட்டும் என்று வீட்டிலே முடிவாகியிருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தட்டு எடுத்துக் கொடுக்க அம்மம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார்.